முட்டுக்கல்

ஆம்புலன்சிலிருந்து இறக்கும்போது கால்பக்கத்தைக் கிட்டுசாமி பிடித்திருந்தார். பந்தலுக்குள் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியபோது துணி விலகி இடது பாதம் வெளியே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் உடம்பைக் கழுவித்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பாதத்தை யாரும் கவனிக்கவில்லை போல. கட்டைவிரல் நகத்துக்குள் கிரீஸ் கறுப்பாக அப்பியிருந்தது. கிட்டுசாமி துணியை இழுத்து மூடினார்.

லிங்கசாமி அவருடைய ஒரே தங்கை ரங்காத்தாளின் கணவர். பல்லடத்தில் எட்டுத் தறி போட்டு ஓட்டியவர். தறி நொடித்துப்போனதும் மச்சான் தோட்டத்துக்கு வந்து, ஓரமாக ஒரு சாளை கட்டிக் குடியிருந்துகொண்டு, பதினோரு வருசமாகக் கோழிப்பண்ணையையும் டிராக்டரையும் பார்த்துக்கொண்டார். அந்த டிராக்டர்தான் நேற்று அவரைக் கொன்றது.

கோழி எரு அள்ளுவதற்காக முன்பக்கம் பக்கெட் பூட்டிய வண்டி அது. பக்கெட்டைத் தாங்குகிற இரண்டு இரும்புக் கைகளும் ஆயில் அழுத்தத்தில் மேலே போகும், கீழே வரும். லிங்கசாமி வெறும் பக்கெட்டை மேலே தூக்கி நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, அடியில் குனிந்து கிரீஸ் அடித்திருக்கிறார். கைகள் இறங்கிவிட்டன. சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிப்போய்த் தூக்கும்போது ஒன்றும் மிச்சமில்லை.

சாயங்காலம் போலீஸ்காரர் வந்து பார்த்து எழுதினார். எழுதியதைக் கிட்டுசாமியின் மகன் தரணீதரன் படித்துக் காட்டினான். முட்டுக் கொடுக்காமல் கவனக்குறைவாக அடியில் சென்றதால், என்று அதில் இருந்தது. கிட்டுசாமி ரெண்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவர். தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். எழுதிக் கொடுத்தார்.

பந்தலில் இப்போது அதே பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்து மயில்சாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வருகிற ஆளுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னார்.

“ஒரு முட்டு வெச்சிருந்தாத் தீந்துது. ஒரு கட்டை, ஒரு கல்லு. அத்தன வருசம் தறி ஓட்டுன மனுசன். இரும்புகிட்டப் போயி அசால்ட்டா இருக்கலாமுங்களா?”

கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். செத்தவன்மேல் தப்பு என்று ஆகிவிட்டால் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி.

ரங்காத்தாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அண்ணன் பக்கத்தில் வந்ததும் அவர் வேட்டி நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“ஏனுங்கண்ணா, அவரு முட்டு வெக்காம உள்ள போற ஆளா?”

“நேரம், அம்மிணி.”

“நேரஞ் செரீங்க. கல்லு எங்க போச்சு?”

கோடி வந்துவிட்டதா பார்க்க வேண்டும் என்று கிட்டுசாமி எழுந்துகொண்டார். புருசன் போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். அண்ணன் அதைக் கொண்டுவந்து பந்தலில் வைத்துத் தங்கை தோளில் போர்த்திய பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். சேலை எடுக்கத் தரணி திருப்பூர் போயிருந்தான். இன்னும் வரவில்லை என்பது கிட்டுசாமிக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து வெளியே வந்தார். வந்த கால் பண்ணைப் பக்கம் நடந்தது.

கல் எங்கே போனது என்று அவருக்குத் தெரியும்.

அது கம்பிவேலிக்கு நட்டு உடைந்துபோன கல்லுக்காலின் ஒரு பாதி. இடுப்பு உயரம். பக்கெட்டைத் தூக்கி நிறுத்தியதும் லிங்கசாமி அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்து உருட்டிக் கொண்டுவந்து இரும்புக் கைக்கு அடியில் நிறுத்துவார். கை கல்லின்மேல் உட்கார்ந்ததா என்று குனிந்து பார்ப்பார். அப்புறம்தான் உள்ளே தலையை விடுவார். வேலை முடிகிறவரை கல் அங்கேயே இருக்கும். வேலையாட்கள் அதைக் கல்லு மாப்பிள்ளை என்று கேலி பேசுவார்கள். கிட்டுசாமியும் சிரித்திருக்கிறார்.

மூன்று மாசத்துக்கு முன்னால் அந்தக் கை தானாகவே இறங்க ஆரம்பித்தது. தூக்கி நிறுத்திவிட்டு ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் நாலு விரல் கீழே வந்திருக்கும். சிலிண்டரில் சீல் போயிருக்கும் என்றார் கிட்டுசாமி. லிங்கசாமி அவசரப்படவில்லை. கல்லை வைத்துவிட்டு, சிலிண்டரின் மேல்முனையில் இருந்த ஆயில் குழாயைக் கழற்றினார். சீல் போயிருந்தால் அந்த ஓட்டை வழியாக ஆயில் ஒழுக வேண்டும் மச்சான், என்றார். கால்மணி நேரம் இருவரும் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அப்படியென்றால் கோளாறு சிலிண்டரில் இல்லை, ஆயிலை மறித்து வைக்கிற வால்வில் என்று முடிவானது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஓடுகிற தண்டில் நகம் இடறுகிற மாதிரி ஆழமாகக் கோடு விழுந்திருந்தது. லீவரை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிற ஸ்பிரிங்கும் முறிந்திருந்தது. இது தேறாது, புதுசுதான் என்றார் லிங்கசாமி.

அன்றைக்குக் கிட்டுசாமி ஒரு காரியம் செய்யச் சொன்னார். உரமூட்டை வாங்கினால் வீட்டுக்கு வந்து மறுபடி எடைபோடுகிறவர் அவர். பூசாரி கொடுக்கிற திருநீற்றையே முகர்ந்து பார்த்துத்தான் பூசுவார் என்று மயில்சாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அதில் பொய் இல்லை. மாதிரிக்குக் கொடுத்துவிடுகிற பழைய வால்வுக்கே கடைக்காரன் பெயிண்ட் அடித்துப் புதுசென்று தலையில் கட்டிவிடுவான், அதில் ஓர் அடையாளம் போட்டு வை என்றார். லிங்கசாமி உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி, வால்வின் அடிப்பக்கத்தில் வரிசையாக மூன்று குழிப்புள்ளி வைத்தார். எத்தனை பெயிண்ட் அடித்தாலும் விரலுக்குத் தெரியும்.

புது வால்வு வந்த சமயம் லிங்கசாமி ஊரில் இல்லை. கொமரலிங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தம்பதியாகப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது வண்டியில் நீலப் பெயிண்ட் மின்னுகிற வால்வு பூட்டியிருந்தது. மெக்கானிக்கைக் கூட்டிவந்து தரணி தானே முன்னின்று மாட்டினான். லிங்கசாமி லீவரை ஆட்டிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையை அடியில் விடப்போனார்.

கிட்டுசாமி அங்கேதான் நின்றிருந்தார்.

“என்ன மாப்ள, தடவிப் பாக்கற? கடைக்காரனத்தான் சந்தேகப்படச் சொன்னேன். எம்பையனையுமா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்ன சொல் சொல்தான். மச்சான் இடத்தில் இருந்து, மச்சான் சோற்றைத் தின்கிறவர் அதற்கு மேல் கையை நீட்ட முடியுமா? லிங்கசாமி கையை எடுத்துக்கொண்டார். “ச்சே, இல்லீங்க மச்சான். தூசி இருந்துச்சு,” என்றார். கையில் தூசி எதுவும் இல்லை.

அப்புறமும் அவர் கல் வைப்பதை விடவில்லை. பத்து நாள் பார்த்தார் கிட்டுசாமி. மகன் புதுசு வாங்கிப் போட்டும் இவன் கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறானே என்று ஓர் எரிச்சல். கன்றுக்குட்டி கட்ட ஒரு முளை வேண்டியிருந்தது. ஆளை விட்டுக் கல்லைத் தூக்கிப்போய்த் தொழுவத்துக்கு முன்னால் குழி தோண்டி நடச் சொல்லிவிட்டார். லிங்கசாமி வந்து பார்த்தார். கல்லைப் பார்த்தார், கன்றுக்குட்டியைப் பார்த்தார். வந்த வழியே போய்விட்டார். அது நடந்தது போன செவ்வாய்க்கிழமை.

டிராக்டர் எருக்குழிக்குப் பக்கத்தில் நின்றது. பக்கெட் தரையில் கிடந்தது. மண்ணைக் கொட்டிக் கறையை மூடியிருந்தார்கள். கிட்டுசாமி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பந்தலில் பறை அடித்துக்கொண்டிருந்ததால் இஞ்சின் சத்தம் அங்கே போயிருக்காது. லீவரை இழுத்து இரும்புக் கையை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கினார். லீவரை விட்டார். அது பாதி வழியில் நின்றது. நடுவுக்குத் தானாக வரவில்லை. கையால் தள்ளி நடுவில் வைத்துவிட்டு இஞ்சினை அணைத்தார்.

கீழே இறங்கி, சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக் கட்டி ஒன்றைப் பொறுக்கினார். சிலிண்டரிலிருந்து நீண்டிருந்த பளபளப்பான தண்டில், அது உள்ளே நுழைகிற விளிம்பை ஒட்டி ஒரு கோடு போட்டார். லிங்கசாமி சொல்லிக் கொடுத்த வழி இது. தள்ளி நின்று பார்த்தார்.

கோடு அங்கேயே இருந்தது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. கோளாறு எதுவும் இல்லை, இவன்தான் எதிலோ கைபட்டு லீவரைத் தட்டிவிட்டிருக்கிறான் என்று மனசுக்குள் லிங்கசாமியைத் திட்டக்கூடத் தொடங்கினார். பிறகு குனிந்து பார்த்தபோது கோட்டில் பாதியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் முழுக்கோடும் உள்ளே போய்விட்டது. கை சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. முழங்கால் உயரம் வந்ததும் உள்ளே ஏதோ வழுக்கிய மாதிரி ஒரு சின்னச் சத்தம். மிச்சத்தை ஒரே இறக்காக இறங்கிப் பக்கெட் தரையில் மோதியது. தொழுவத்தில் கன்றுக்குட்டி துள்ளி விலகியது.

கிட்டுசாமி வண்டியின் பக்கத்தில் போய்க் குனிந்தார். பிறகு வால்வுக்கு அடியில் கையை விட்டார். பெயிண்ட் வழவழப்பாக இருந்தது. கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஒன்று. ரெண்டு. மூன்று.

கையை வெளியே எடுக்கத் தோன்றவில்லை. மறுபடி தடவினார். மூன்றுதான்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தரணி வந்துகொண்டிருந்தான்.

“ஏனுங்கப்பா, இங்க வந்து நிக்கறீங்க? கோடி வந்தாச்சான்னு அங்க கேக்கறாங்க.”

“இங்க கைய உட்டுப் பாரு.”

“எதுக்குங்?”

“வால்வுக்கு அடியில. உட்டுப் பாரு.”

தரணி கையை விடவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். கிட்டுசாமிக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. இருந்தாலும் கேட்டார்.

“புதுசு எங்கடா?”

“ராஜபாண்டி ஓட்டற வண்டியிலீங்க.”

அவர்களுக்கு இன்னொரு லோடர் வண்டி உண்டு. அது அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு வாடகைக்குப் போகிறது. அதிலும் இதே கோளாறு வந்ததாம். வந்தது ஒரே வால்வுதானாம், அடுத்தது வர ஒரு மாசம் ஆகும் என்றார்களாம். தரணி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான்.

“அடுத்தவன் பண்ணையில போயி வண்டி நின்னுதுன்னா மறுக்காக் கூப்புடமாட்டானுங்க. இது ஊட்டு வண்டி தானுங்களே. ஒரு மாசம் ஓட்டிக்கலாம்னு பழசவே தொடச்சுப் பெயிண்ட் அடிச்சு மாட்டச் சொன்னேன். சொன்னா நீங்க சத்தம் போடுவீங்கன்னு சொல்லல.”

“ஊட்டு வண்டி,” என்றார் கிட்டுசாமி.

“மாமா கல்லு வெக்காம உள்ள போகமாட்டாருங்க. உங்களுக்கே தெரியுமில்லீங்க? அவரு அதுல கரெக்டு. அந்தத் தகிரியத்துலதானுங்க நானு…”

கிட்டுசாமி தொழுவத்துப் பக்கம் கையைக் காட்டினார். தரணி திரும்பிப் பார்த்தான். பார்த்த கண்ணை எடுக்க முடியாமல் நின்றான்.

“எடுத்தது நானு,” என்றார் கிட்டுசாமி. “நீ புதுசு போட்டேன்னு எடுத்தேன்.”

பறை நின்றது. சொந்தக்காரர்கள் யாரோ வந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒப்பாரி எழுந்து அடங்கியது.

“நேத்து அந்தப் போலீஸ்காரன் எழுதுனதப் படிச்சுக் காட்டுனயே. கவனக்குறைவுன்னு. அப்ப உனக்குத் தெரியும்.”

தரணி தலையைக் குனிந்துகொண்டான். ஐந்து வயசில் கிணற்றில் கல் போட்டுவிட்டு வந்து நின்றபோது இருந்த அதே குனிவு. அன்றைக்கு ஊரே இவன்தான் போட்டான் என்று சொன்னது. என் பையன் போடமாட்டான் என்று கிட்டுசாமி ஊரோடு சண்டைக்குப் போனார். அது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஊரில் ஒருத்தனையும் நம்பாமல் சேர்த்து வைத்த நம்பிக்கை முழுவதையும் இவன் ஒருத்தன் தலையிலேயே கொட்டியிருந்தார்.

“அத்தைக்குத் தெரிய வேண்டாமுங்கப்பா,” என்றான் தரணி. குரல் இறங்கியிருந்தது. “தெரிஞ்சு இனி என்ன ஆவப் போவுது? பொறந்தூடுன்னு அவங்களுக்கு இருக்கறது நாமதான். நம்ம ரெண்டு பேரோட போவட்டும்.”

கிட்டுசாமி வேட்டியில் கையைத் துடைத்தார். நீலம் ஒட்டவில்லை. கிரீஸ்தான் ஒட்டியிருந்தது.

“சேலை எங்க?”

“கார்லீங்க.”

பந்தலுக்குப் போகும்போது தட்டத்தைத் தரணிதான் தூக்கி வந்தான். சேலை, வெற்றிலைபாக்கு, ஒரு தேங்காய். பந்தல் வாசலில் கிட்டுசாமி நின்று, மகன் கையிலிருந்து தட்டத்தை வாங்கிக்கொண்டார். மருமகன் கொண்டுவரட்டுமே என்று மயில்சாமி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தனியாக உள்ளே போனார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

சேலையைப் பிரித்துத் தங்கையின் தோளில் போர்த்தினார். கடையில் மடித்த மடிப்பு விறைப்பாக நின்றது. வழக்கப்படி இந்த நேரத்தில் அண்ணனைக் கட்டிக்கொண்டு தங்கை அழ வேண்டும். சுற்றி நின்ற பெண்கள் கூடச் சேர்ந்து அழத் தயாராக இருந்தார்கள். ரங்காத்தாள் அழவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். காலையில் கேட்டதை அவள் விடவில்லை என்று அவருக்குப் புரிந்தது.

“கல்லுல கன்னுக்குட்டி கட்டியிருக்குது, அம்மிணி,” என்றார். “நாந்தான் எடுத்துட்டுப் போனேன். புது வால்வுக்கு எதுக்கு முட்டுன்னு எடுத்தேன்.”

பக்கத்தில் இருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். ரங்காத்தாள்தான் கேட்டாள்.

“புதுசுதானுங்களே போட்டீங்க?”

“புதுசில்ல. பழசுக்கே பெயிண்ட் அடிச்சது. மாப்ள வெச்ச மூணு புள்ளியும் அப்படியே இருக்குது.”

ரங்காத்தாள், அண்ணனுக்காக வருத்தப்படுகிற மாதிரியே கேட்டாள்.

“கடைக்காரன் ஏமாத்திப்போட்டானுங்களாண்ணா?”

ஆமாம் என்று சொன்னால் போதும். கிட்டுசாமி சொன்னால் ஊர் நம்பும். கடைக்காரர்களைப் பற்றி நாற்பது வருசமாக அவர் அதைத்தானே சொல்லிக்கொண்டு வருகிறார். மயில்சாமியே எழுந்து நின்று ஆமாமுங்க என்பார். பந்தல் வாசலில் தரணி மூங்கில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அப்பாவைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது.

“கடைக்காரன் இல்ல,” என்றார் கிட்டுசாமி.

ரங்காத்தாளின் பார்வை அவர் தோளைத் தாண்டி வாசலுக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் புருசன் பக்கம் திரும்பினாள். விலகியிருந்த கால் துணியைச் சரிசெய்தாள்.

தோளில் கிடந்த சேலையை எடுத்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கடைக்காரன் மடித்த அதே மடிப்பில் மடித்தாள். உள்ளங்கையால் ஒருதரம் நீவிவிட்டுத் தட்டத்தில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தாள். தட்டத்தை அண்ணன் பக்கமாக நகர்த்தினாள்.

வயசான ஒருத்தர் கோடி போடாமல் எப்படி எடுப்பது என்று முணுமுணுத்தார்.

“எடுங்க,” என்றாள் ரங்காத்தாள். “வெயில் ஏறுது.”

எடுத்தார்கள். கிட்டுசாமி கடைசியாக நடந்துபோனார். மயில்சாமி இரண்டு தரம் பக்கத்தில் வந்து, ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமலே முன்னால் போய்விட்டார். காட்டில் எல்லாம் முடிந்து குளித்துவிட்டுத் திரும்பும்போது மணி நாலு இருக்கும். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரங்காத்தாளின் சாளைக் கதவு சாத்தியிருந்தது. படியில் அந்தத் தட்டம் இருந்தது. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். தரணியின் கார் நின்ற இடத்தில் இல்லை.

கிட்டுசாமி தட்டத்தை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். தட்டத்தைச் சுவரோரம் வைத்தார். கன்றுக்குட்டியை அவிழ்த்து விட்டார். கடப்பாரையால் கல்லைச் சுற்றி மண்ணைப் பறித்தார். எட்டு நாள்தான் ஆகியிருந்தது, மண் இறுகவில்லை. கல்லை அசைத்துப் பிடுங்கிச் சாய்த்தார். வயிற்றோடு அணைத்துத் தூக்க முடியவில்லை. லிங்கசாமி உருட்டுகிற மாதிரி முனை மாற்றி முனை மாற்றி உருட்டிக்கொண்டு போனார். நடுவில் மூன்று தரம் நின்று மூச்சு வாங்கினார். உதவிக்கு வந்த வேலையாளைக் கையசைத்துப் போகச் சொன்னார்.

வண்டியைக் கிளப்பி இரும்புக் கையை மேலே தூக்கினார். அணைத்துவிட்டு இறங்கிவந்து கல்லைக் கைக்கு அடியில் நிமிர்த்தி நிறுத்தினார். எதிரே எருக்குழி வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.

கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. பிறகு ஒரு சாண். அவர் எதையும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். நாலு விரல். ரெண்டு விரல். டொக் என்று ஒரு சத்தம். கை கல்லின்மேல் உட்கார்ந்து நின்றது. கல் அசையவில்லை.

கன்றுக்குட்டி கழுத்துக் கயிறு தரையில் இழுபட, தன் கல்லைத் தேடிக்கொண்டு வந்தது. ஒருதரம் மோந்து பார்த்தது. பிறகு முன்னங்காலை மடக்கி, பக்கெட்டுக்கு அடியிலேயே, கல்லை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

கிட்டுசாமி அதை விரட்டவில்லை.